ஓராண்டு இடைவெளி விட்டால் ரெசிடென்சி கிடையாதா?

‘எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்தாலே அமெரிக்க ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் பணியாற்றியபடியே பெறும் சிறப்புப் பயிற்சி) விண்ணப்பிக்க முடியாது’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. அப்படிப் பொதுவிதி எதுவும் இல்லை. பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் என்று சில மருத்துவமனைகள் தாமாக வரம்பு வைப்பதுண்டு. அதைத்தான் யாரோ ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள்: செப்டம்பரில் விண்ணப்பம், மார்ச்சில் மேட்ச் (யாருக்கு எந்த மருத்துவமனை என்ற ஒதுக்கீடு) முடிவு, ஜூலையில் பணி. ஏப்ரலில் ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு விண்ணப்பிப்பவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் தானாகவே இடைவெளி விழுந்துவிடும்!

அந்த நாட்களில் என்ன செய்யலாம்? அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி மட்டுமே. எனவே மதிப்பெண் உள்ள அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகேவுக்கு ஊன்றிப் படிக்கலாம். அமெரிக்க மருத்துவமனைக்குப் பார்வையாளராக அப்சர்வர்ஷிப்பும் போகலாம். அதில் நோயாளியைத் தொட விடமாட்டார்கள், ஓரமாக நின்று பார்ப்பதுதான். ஆனாலும் ரவுண்ட்ஸில் தினமும் உங்களைப் பார்த்த மருத்துவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்குத் தனி மதிப்பு.