தலை வந்தது, தோள் வரவில்லை

போன வாரம் சிங்கப்பூரில் எங்கள் பிரசவ வார்டில் பயிற்சி. கூட வேலை பார்க்கும் தோழி செயற்கை வயிற்றைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். உள்ளே பொம்மைக் குழந்தை, பக்கத்தில் ரத்தத்துக்குப் பதில் சிவப்புத் தண்ணீர்ப் பை. குழந்தையை எப்போது விடுவது, எப்போது பிடித்து நிறுத்துவது எல்லாம் அவள் கையில். தலை வெளியே வந்தது. அடுத்த நொடி, ஆமை தலையை இழுத்துக்கொள்வதுபோல் மெல்ல உள்வாங்கியது. தோள் சிக்கிவிட்டது.

இருபது வருஷமாகப் பிரசவ அறையில் தாதியாக நிற்கிறேன். பொம்மை என்று தெரிந்தும் உள்ளங்கை வேர்த்தது. உடனே ஆள் கூப்பிட வேண்டும், மணி பார்க்க வேண்டும், தாயின் இரண்டு தொடைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்க வேண்டும், ஒருவர் அடிவயிற்றில் அழுத்த வேண்டும். மேல்வயிற்றில் அழுத்தவே கூடாது. தலையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கவும் கூடாது; கழுத்து நரம்பு அறுந்தால் பிள்ளையின் கை ஆயுசுக்கும் விளங்காமல் போகலாம். இத்தனைக்கும் கிடைப்பது சில நிமிடம்தான்.

"பொம்மையை வச்சா பிரசவம் படிக்கிறீங்க?" என்று தேக்காவில் பார்த்த பெரியம்மா கேட்டார். இது புதுசு இல்லை பெரியம்மா. 1759-இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணையோடு ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியும் தோலும் வைத்துத் தைத்த பொம்மையோடு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது.

இங்கே தேவை இன்னும் அதிகம். கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966-இல் மட்டும் 39,835 பிரசவங்கள். கின்னஸில் ஏறிய கணக்கு. 2023-இல் சிங்கப்பூர் முழுக்கப் பிறந்த குழந்தைகளைக் கூட்டினாலும் அதை எட்டாது. அந்த ஆண்டு ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தைதான். அன்றைய தாதிகள் பார்த்துப் பார்த்தே கற்றார்கள். இன்றைய சின்னப் பெண்ணுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. சிக்கிய தோளை அவள் முதன்முதலில் ஒரு தாயிடம்தான் பார்க்க வேண்டுமா?

இங்கிலாந்தில் பிரிஸ்டலின் சவுத்மீட் மருத்துவமனையில் டாக்டர், மருத்துவச்சி எல்லாரையும் ஒன்றாக நிறுத்திப் பழக்கினார்கள். தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் 9.3 விழுக்காட்டிலிருந்து 2.3 ஆகக் குறைந்தது. 2008-இல் வெளியான ஆய்வு இது. 'எல்லாரும்' என்பதுதான் இதில் முக்கியம். நான் முன்பு இருந்த இடத்தில் விலை உயர்ந்த பொம்மை அலமாரியில் பூட்டிக் கிடக்கும். பயிற்சி நாளில் இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் தூக்கக் கலக்கத்தோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. பயிற்சி நேரம் வேலை நேரத்துக்குள் வரவேண்டும், இரவுக்காரர்களுக்கும் சேர்த்து.

அன்று முதல் சுற்று முடிந்ததும் தோழி வயிற்றைக் கழற்றாமலே சொன்னாள்: "ஏழு பேர் நின்னீங்க. ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கல." எனக்குச் சுருக்கென்றது. என் மூத்தவன் பிறந்தபோது நானும் அப்படித்தான் கிடந்தேன், சுற்றி ஓடுகிறார்கள், என்னவென்று யாரும் சொல்லவில்லை. இருந்தும் இந்தப் பயிற்சியில் நானும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுபடி செய்தோம். இந்த முறை வார்டுக்குப் புதிதாக வந்த பெண் தலைமாட்டில் போய் நின்று அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, பிள்ளையோட தோள் மாட்டியிருக்கு. நாங்க எடுத்துடுவோம். இப்ப முக்காதீங்க, என்னைப் பாருங்க."