இதழாய்வுப் பரிசுக்கு எழுதுகிறவர்கள் இதழைப் புரட்டுகிறார்களா?

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பத்திரிகைகளை ஆராயும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கென்று வேன்ஆர்ஸ்டெல் பரிசு என்று ஒன்று உண்டு. விக்டோரிய இதழ்கள் ஆய்வுச் சங்கம், தன்னைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோஸ்மேரி வேன்ஆர்ஸ்டெல் பெயரில் 1990இல் ஏற்படுத்தியது. ஆண்டுக்கு ஒரு கட்டுரைக்குப் பரிசு. அது சங்கத்தின் ஆய்விதழிலும் அச்சாகும். மாணவருக்குப் பணத்தைவிட இதுதான் பெரிது.

இந்த மாதிரிப் பரிசுக்கு எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்குவது ஒரே இடத்தில்தான். இதழைக் கிடங்காக வைத்துக்கொண்டு, வேண்டிய மேற்கோளை மட்டும் உருவி எடுத்துவிடுகிறார்கள். அது இலக்கியக் கட்டுரையாகலாம், இதழாய்வு ஆகாது.

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ் வார இதழையே எடுத்துக்கொள்வோம். விலை இரண்டு பென்னி. 1854 ஏப்ரல் 1 முதல் அவருடைய ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவல் அதில் தொடராக வந்தது. ஏப்ரல் 22 இதழில், நான்காவது தவணை வந்த அதே வாரம், ஹென்றி மார்லி ஆலை விபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்: வேலியிடாத இயந்திரங்களில் சிக்கிக் கை கால் போனவர்களின் கணக்கு. பிறகு ஒரு தவணையின் மெய்ப்பில் அந்தக் கட்டுரையைச் சுட்டி டிக்கன்ஸ் ஓர் அடிக்குறிப்பே போட்டிருந்தார். அச்சுக்குப் போகுமுன் அது நீங்கிவிட்டது. நாவலைப் புத்தகமாக மட்டும் படிப்பவருக்கு இந்த உறவு தெரியவே தெரியாது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த இதழில் தொடங்கிய எலிசபெத் காஸ்கெலின் ‘நார்த் அண்ட் சவுத்’ நாவல் இன்னும் மோசமான பொறி. 1855இல் புத்தகமாக்கியபோது முடிவுப் பகுதியை அவர் விரித்து எழுதினார். புத்தகப் பதிப்பிலிருந்து மேற்கோள் காட்டிவிட்டு ‘வார இதழ் வாசகர் இதைப் படித்தார்’ என்று எழுதினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும்.

அடுத்தது, யார் எழுதினார்கள் என்பது. அந்தக் காலத்துக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே கிடையாது. ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸுக்கு அதன் அலுவலகக் கணக்கேடு பிழைத்திருக்கிறது. எழுதியவர், கொடுத்த தொகை எல்லாம் அதில் உண்டு. ஆன் லோர்லி அதை 1973இல் நூலாக்கினார். மற்ற பெரிய மாத, காலாண்டு இதழ்களுக்கு, எந்தக் கட்டுரையை யார் எழுதினார் என்று சொல்லும் வெல்லஸ்லி அட்டவணை, ஐந்து தொகுதி, 1966 முதல் 1989 வரை வெளிவந்தது. ஆனால் அதில் கவிதைகளைச் சேர்க்கவில்லை. கவிதை மட்டும் எழுதிய பெண்கள் அந்த எண்ணிக்கையில் வரவே மாட்டார்கள். இது தெரியாமல் ‘இந்த இதழில் பெண்கள் குறைவாகவே எழுதினர்’ என்று அட்டவணையை எண்ணி முடிவு கட்டுவது அபத்தம். இன்னொன்று: ஒவ்வொரு பெயருக்கும் அதில் ஆதாரம் குறித்திருக்கும். பதிப்பகக் கணக்கா, கடிதமா, வெறும் நடை ஒற்றுமையா என்று பார்த்து, அதைக் கட்டுரையிலும் சொல்ல வேண்டும். வெல்லஸ்லிக்குப் பிற்காலத்தில் வந்த திருத்தங்கள் கரன் அட்டவணை என்ற இணையப் பட்டியலில் இருக்கின்றன. அதையும் ஒப்பிடாமல் பெயர் போடக் கூடாது.

நூலகத்தில் கிடைப்பது பெரும்பாலும் பைண்டு செய்த தொகுதி. கட்டும்போதே மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். மின்வருடல்களில் பல அந்தத் தொகுதிகளிலிருந்தே எடுத்தவை. ஆக, ‘விளம்பரமே இல்லாத இதழ்’ என்று எழுதுமுன் உதிரி இதழ் ஒன்றையாவது தேடிப் பார்த்தாக வேண்டும்.

தேடுபெட்டியை நம்புவது அடுத்த வினை. வருடிய படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் இரண்டு பத்தியை ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும். வரி முடிவில் உடைந்த சொல்லைத் தவறவிடும். மை பரவிய எழுத்தை வேறொன்றாக்கும். மூன்று இதழ்களைக் கண்ணால் படித்து, தேடும் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு அதே மூன்றில் தேடுங்கள். இருபதில் பதின்மூன்றுதான் அகப்பட்டதென்றால், அந்த விகிதத்தை அடிக்குறிப்பில் போடுங்கள். நடுவருக்கு இந்த ஒரு வரி போதும், ஆள் வேலை தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

விற்பனை எண்ணிலும் கவனம் தேவை. 1855 வரை செய்தித்தாள்களுக்கு முத்திரை வரிக் கணக்கு இருக்கிறது. அது வாங்கிய முத்திரையின் எண்ணிக்கை, விற்ற பிரதியின் எண்ணிக்கை அல்ல. 1860இல் கார்ன்ஹில் என்ற மாத இதழின் முதல் இதழ் லட்சத்தைத் தாண்டி விற்றதை எல்லாரும் எழுதுகிறார்கள். பிறகு விற்பனை சரிந்ததை யாரும் எழுதக் காணோம்.

எனக்கு ஒரு குறை உண்டு. மேலே சொன்ன அத்தனையும் யாரோ பல்லாண்டு உட்கார்ந்து செய்த அட்டவணைகளின் மேல் நிற்கிறது. கட்டுரைப் பரிசு என்றால் வாதம்தான் வேண்டும் என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரில்லாத நாற்பது கட்டுரைகளுக்கு ஒரு மாணவர் ஆசிரியரைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் கடிதமோ கணக்கோ காட்டி, ஐயமுள்ளவற்றுக்கு ஐயக்குறி போட்டுக் கொடுத்தால், அதையும் நடுவர்கள் அதே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். முன்னுரை நான்கு பக்கம் போதும்.