ஒரு மாதம் போதாது என்று தெரிந்தும் அழைத்தவர்கள்

ஏப்ரல் 26 வருகிறது. 1986-ல் அன்றைக்கு நள்ளிரவு தாண்டி 1.23 மணிக்கு, அப்போது சோவியத் யூனியனில் இருந்த உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று இந்த நாளில் நிறையப் பேர் எழுதுவார்கள். எழுதட்டும், அவசியமான பேச்சுதான். நான் எழுத நினைப்பது வேறு. அந்த உலைக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத ஊர்களில் இருந்த சாதாரணக் குடும்பங்கள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக வருஷக்கணக்கில் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி.

போன மாதம் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணத்துக்கு என் சித்தி மகள் வந்திருந்தாள். அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னாள். செர்னோபிலுக்குப் பக்கத்திலிருக்கும் பெலாரஸ் நாட்டிலிருந்து ஒரு சிறுமி பல வருஷம் கோடை விடுமுறைக்கு அந்த வீட்டுக்கு வந்து தங்கிப் போயிருக்கிறாள். இன்று அவளுக்கே குழந்தை இருக்கிறது. இன்னமும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வருமாம். பந்தியில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர் கேட்டார்: "நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கே ஆயிரம் குறை இருக்கு. எங்கேயோ இருக்கிற பிள்ளைக்கு ஓடறது என்ன நியாயம்?"

கேட்டவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. 2018-ல் கஜா அடித்தபோது தன் வீட்டு அரிசி மூட்டையை எல்லாம் பிரித்து வேதாரண்யம் பக்கம் அனுப்பியவர். அதனால்தான் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். உலை வெடித்ததும் காற்றில் கலந்தவற்றில் கதிரியக்க அயோடினும் ஒன்று. அது மேய்ச்சல் நிலத்துப் புல்லில் படிந்தது. புல்லை மாடு மேய்ந்தது. மாட்டின் பால் வழியாகக் குழந்தைகளின் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்தது. அந்த அயோடினின் வீரியம் எட்டு நாளில் பாதியாகிவிடும். அந்தச் சில வாரங்களுக்குப் பாலை நிறுத்தியிருந்தாலே பெரும்பகுதி தப்பித்திருக்கும். ஆனால் உலைக்குப் பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரத்து ஜனங்களையே மறுநாள் பிற்பகல்தான் வெளியேற்றினார்கள். தூரத்துக் கிராமங்களுக்கு நேரத்தில் யாரும் சொல்லவில்லை. வீட்டு மாட்டைக் கறந்து பிள்ளைக்குக் கொடுத்த தாய்க்கு, பாலில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? உக்ரைன், பெலாரஸ், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், விபத்தின்போது பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 2005-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பால்தான் காரணம் என்று ஐ.நா.வின் அறிவியல் குழு சொல்கிறது. சிகிச்சை பலன் தரும் புற்றுநோய் என்பதால் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். கழுத்துத் தழும்பும் ஆயுசுக்கும் மாத்திரையும் மிச்சம்.

பக்கத்து நாடான போலந்தில் வேறு மாதிரி நடந்தது. விஷயம் தெரிந்த சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் அயோடின் கரைசலைக் குடிக்கக் கொடுத்துவிட்டார்கள். நல்ல அயோடினால் சுரப்பி நிரம்பிவிட்டால் கெட்டது உள்ளே போக இடம் இருக்காது, அவ்வளவுதான் கணக்கு. எளிமையான மருந்துதான், ஆனால் நாள் தவறினால் பயன் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அயோடின் போய்விட்டது. அதோடு சேர்ந்து வெளிவந்த இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம் போகவில்லை. அதன் வீரியம் பாதியாகவே முப்பது வருஷம் வேண்டும். பெலாரஸில் கோமெல், மொகிலேவ் பகுதிகளின் மண்ணில் அது தங்கிவிட்டது. காட்டுக் காளான், காட்டுப் பழங்கள், வீட்டு மாட்டுப் பால் என்று ஏழைக் குடும்பம் காசு கொடுக்காமல் சாப்பிடக்கூடியது எதுவோ, அதில்தான் அது அதிகம். கடையில் வாங்கிச் சாப்பிட முடிந்தவர்களுக்குக் குறைவு. இந்த அநியாயத்தை எங்கள் டெல்டாக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் அந்த வெளியூர் மனிதர்கள் வருகிறார்கள். 1991-ல் பெலாரஸ், உக்ரைன் மருத்துவர்களிடமிருந்து ஒரு வேண்டுகோள் போனது: எங்கள் பிள்ளைகளைக் கொஞ்ச நாளாவது இங்கிருந்து வெளியே அழைத்துப் போங்கள். அயர்லாந்தில் ஆடி ரோச் என்ற பெண்மணி அதைக் கையில் எடுத்தார். அணுமின் நிலையமே இல்லாத நாடு அது. அவர் தொடங்கிய அமைப்பின் மூலம் மட்டும் 25,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அயர்லாந்துக்கு வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். இத்தாலி, ஜெர்மனி, பிரிட்டன் என்று பல நாடுகளில் இதே வேலை நடந்தது. கார் ஓட்டுகிறவர், பள்ளி ஆசிரியை, கடை வைத்திருப்பவர் என்று நம்மைப் போன்றவர்கள்தான் வீட்டைத் திறந்துவிட்டார்கள். ஒரு மாதம் நல்ல சாப்பாடு, நல்ல பால், பயமில்லாமல் புல்லில் விளையாட ஒரு இடம்.

அந்த ஒரு மாதத்தால் என்ன பயன்? பெரியவர் உடம்பில் சேர்ந்த சீசியம் பாதியாகக் குறைய மூன்று மாதம் போல ஆகும், சிறு பிள்ளைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். ஆகவே சுத்தமான சாப்பாட்டில் ஒரு மாதம் இருந்தால் அளவு நிஜமாகவே குறையும். ஆனால் ஊருக்குப் போய் பழைய சாப்பாட்டைச் சாப்பிட்டால் மறுபடி ஏறும். ஒரு மாதம் வந்து போனால் ஆயுள் இத்தனை வருஷம் கூடும் என்றெல்லாம் சிலர் சொன்னதுண்டு. அப்படி உறுதியாகச் சொல்ல மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. அந்தப் பகுதிப் பிள்ளைகளின் எல்லா நோய்க்கும் கதிர்வீச்சுதான் காரணம் என்பதும் சரியில்லை. சோவியத் யூனியன் உடைந்த பிறகு வந்த வறுமையும் சேர்ந்து வாட்டியது.

இதெல்லாம் உதவியின் மதிப்பைக் குறைக்கிறதா? என் பதில், இல்லை. ஒரு மாதம் போதாது என்பது அழைத்தவர்களுக்கே தெரிந்துபோனது. தெரிந்ததும் அவர்கள் செய்ததைப் பாருங்கள். அதே பிள்ளையை அடுத்த வருஷமும் அழைத்தார்கள். அப்புறம் அவர்களே பெலாரஸுக்குப் போனார்கள். பிள்ளைகள் இல்லங்களின் ஒழுகும் கூரையைச் சரி செய்தார்கள், கழிப்பறை கட்டினார்கள், செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். உக்ரைனில் இதயக் குறையோடு பிறந்த குழந்தைகளுக்கு அறுவை செய்ய மருத்துவக் குழுக்களை அனுப்பினார்கள். விமான டிக்கெட் காசை அப்படியே அந்த ஊருக்கு அனுப்பியிருந்தால் இன்னும் நிறையப் பிள்ளைகளுக்குச் செய்திருக்கலாமே என்று ஒரு வாதம் உண்டு. கணக்காகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மாதம் உட்கார்ந்து சாப்பிட்ட குழந்தையை மனிதர் மறப்பதில்லை. பணம் அனுப்பி ரசீது வாங்கியவர் மறந்துவிடுவார். முப்பது வருஷம் அவர்களை விடாமல் பிடித்து வைத்தது அந்த முகம்தான்.

கெட்டதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2006-ல் இத்தாலியில் ஒரு தம்பதி, தங்கள் வீட்டுக்கு வந்த பெலாரஸ் சிறுமியைத் திருப்பி அனுப்ப மறுத்து ஒளித்து வைத்தார்கள். அவள் வளர்ந்த இல்லத்தில் அவளுக்குக் கொடுமை நடந்தது என்று சொன்னார்கள். கடைசியில் அவள் ஊருக்கு அனுப்பப்பட்டாள், இரண்டு நாடுகளுக்கும் நடுவில் பெரிய பிரச்சினை ஆனது. அந்தத் தம்பதியின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் உதவ வந்தவர் குழந்தையைத் தன்னுடையது என்று நினைக்கத் தொடங்கும் இடம் ஆபத்தான இடம். அதனால் மற்ற ஆயிரம் பிள்ளைகளின் பயணமும் கேள்விக்குள்ளாகிறது.

பணக்கார நாடுகள்தானே செய்தன என்று நினைப்பவர்களுக்குக் கியூபாவைச் சொல்வேன். 1990-லிருந்து 2011 வரை, ஹவானாவுக்குக் கிழக்கே தராரா என்ற கடற்கரை ஊரில் 20,000-க்கும் மேற்பட்ட செர்னோபில் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை கொடுத்தார்கள். அதில் முதல் சில வருஷங்கள் கியூபாவுக்கே சோற்றுக்கு வழியில்லாத காலம். சோவியத் உதவி நின்று, பெட்ரோல் இல்லாமல், பால் இல்லாமல் அந்த நாட்டு மக்கள் திண்டாடினார்கள். அப்போதும் வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவில்லை. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் பார்ப்போம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் யார் குறை சொல்லியிருக்க முடியும்? சொல்லவில்லை.

இன்னொருவர் ஜப்பான்காரர். அகிரா சுகெனோயா, தைராய்டு அறுவை மருத்துவர். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு 1996-ல் பெலாரஸ் போனார். ஐந்தரை வருஷம் அங்கேயே தங்கிப் பிள்ளைகளுக்கு அறுவை செய்தார், உள்ளூர் மருத்துவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். பிற்பாடு மாட்சுமோட்டோ நகரத்தின் மேயர் ஆனார். 2011-ல் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்து வந்தபோது, அங்குள்ள பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அனுபவத்திலிருந்து பேசக்கூடியவராக அவர் ஜப்பானிலேயே இருந்தார். அந்நிய ஊர்ப் பிள்ளைக்குச் செய்தது சொந்த ஊர்ப் பிள்ளைக்கு உதவியது. உறவுக்காரருக்கு நான் சொல்ல நினைக்கும் பதிலில் பாதி இதுதான்.

மீதிப் பாதி நாகப்பட்டினம்.

2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் செத்துப் போனார்கள். அதே அலை கல்பாக்கம் அணுமின் நிலையத்துப் பம்ப் அறைக்குள்ளும் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். செர்னோபில் நமக்கு எங்கேயோ இல்லை என்பதற்கு அது ஒன்று போதும். அந்த முதல் வாரத்தில் இந்தப் பக்கத்து ஜனங்கள் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஜமாத்துக்காரர்கள் அண்டா அண்டாவாகச் சோறாக்கிப் போட்டார்கள். நாகூர் தர்காவில் சாதி மதம் பார்க்காமல் அடக்கம் செய்ய இடம் கொடுத்தார்கள். பேர் தெரியாத தேசங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஊரிலும் ஏழைப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். வந்தார்கள்.

அதே வாரத்தில் ரோட்டோரம் மலையாகக் குவிந்து கிடந்த பழைய துணியையும் பார்த்தேன். மீனவக் குடும்பத்துப் பெண்கள் அதைத் தொடக்கூட மறுத்தார்கள். நேற்றுவரை கௌரவமாகப் பிழைத்தவர்கள், ஏன் தொட வேண்டும்? லாரியில் ஏற்றியவர் கெட்ட எண்ணத்தோடு ஏற்றவில்லை. ஆனால் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்காமல் கொடுப்பது அப்படித்தான் முடியும்.

எங்கள் டெல்டாவில் மேட்டூரில் மதகைத் திறந்த செய்தியைக் கேட்டு யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. உதவியையும் அப்படித்தான் கேட்க வேண்டும். முதல் வாரத்தில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாவது வருஷம் நாம் எங்கே இருக்கிறோம்? 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது எங்கள் தெருப் பையன்கள் ஒரே ராத்திரியில் பணம் திரட்டினார்கள். தங்கமான பையன்கள். சூரல்மலையில் பள்ளிக்கூடத்தையும் தோழர்களையும் இழந்த ஒரு பிள்ளையின் பேராவது இன்று நமக்குத் தெரியுமா?

முடியாத காரியம் இல்லை. சுனாமிக்குப் பிறகு நாகை ஆட்சியராக வந்த ஜெ. ராதாகிருஷ்ணன், பெற்றோரை இழந்து அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளோடு, பதவி மாறி ஊர் மாறிய பிறகும் தொடர்பை விடவில்லை. 2022-ல் அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து பெரியவராக நின்றார். பதினேழு வருஷம். அதிகாரத்தால் நடந்தது அல்ல அது, ஞாபகத்தால் நடந்தது. ஆட்சியராக இருந்தால்தான் ஒரு குழந்தையை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்று இருக்கிறதா?

ஆகவே இப்போது ஒரு வேலையைத் தொடங்குகிறோம். சுனாமி முகாம்களில் கூட வேலை செய்த சிலரும், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்திருக்கிறோம். தரங்கம்பாடியிலிருந்து வேதாரண்யம் வரை கடலோரத்தில் தகப்பனையோ தாயையோ இழந்த பிள்ளைகள், முடிந்தால் வயநாட்டுப் பிள்ளைகள் சிலர். ஒரு குடும்பம் ஒரு பிள்ளைக்கு, குறைந்தது ஐந்து வருஷம். பிள்ளை தன் வீட்டிலேயே, தன் சொந்தங்களோடுதான் இருக்கும். பீஸ், புத்தகம், ஆஸ்பத்திரி செலவு நம் பொறுப்பு. மாதம் ஒரு தடவையாவது நேரில் பார்ப்பதோ போனில் பேசுவதோ அதைவிடப் பெரிய பொறுப்பு. எல்லாம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லி, அவர்கள் ஒப்புதலோடுதான். பிள்ளையோடு போட்டோ எடுத்து முகநூலில் போடுவது கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன், யாரும் வருத்தப்பட வேண்டாம்.

முதல் வருஷத்துக்குப் பதினைந்து குடும்பம் கிடைத்தால் போதும். விருப்பம் உள்ளவர்கள் வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு உள்பெட்டியில் எழுதுங்கள். ஐந்து வருஷம் முடியாது என்று தோன்றினால் அதையும் நேராகச் சொல்லுங்கள். கணக்கு எழுத, பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி எடுத்து வர, லீவு நாளில் பாடம் சொல்லிக் கொடுக்க என்று அவர்களுக்கும் வேலை இருக்கிறது.