பி.எச். 7 என்றால் மாட்டுக் குட்டை நல்ல குட்டையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கம்பார், கோப்பேங், தாப்பா பக்கத்துத் தோட்டங்களில் மாடு வைத்திருப்பவர்கள் பலருக்கு மலையடி ஊற்றும், வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய பழைய ஈயக் குட்டையும்தான் தண்ணீர். 1985 அக்டோபரில் ஈயச் சந்தை கவிழ்ந்தபின் லொம்போங்குகள் (ஈயச் சுரங்கங்கள்) பல மூடின, குட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. இப்படிப்பட்ட இடத்தில் மேட்டில் மறுபடியும் சுரங்கம் தோண்டினால், "தண்ணியச் சோதிச்சாச்சு, பி.எச். 7.1, பயமில்ல" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பி.எச். என்பது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம். அந்த ஒரு எண்ணை நம்பி மாட்டைக் குட்டையில் இறக்காதீர்கள்.

காரணம் நம் காலடியிலேயே இருக்கிறது. தோண்டிப் போட்ட கல்லில் உள்ள பைரைட்டில் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் அந்த அமிலத்தை முறித்துவிடும். பி.எச். நன்றாகவே காட்டும். ஆனால் அந்த அமிலத்திலிருந்து வந்த சல்பேட் போகாது. நஞ்சான ஆர்செனிக்கும், துத்தநாகமும் அமிலமில்லாத தண்ணீரிலும் கரைந்து வரும். பி.எச். விழும்போது சுண்ணாம்பின் தாங்கும் சக்தி தீர்ந்திருக்கும். அதற்கு வெகுநாள் முன்பே ஏறுவது சல்பேட்டும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனும். கருங்கல் மலை ஊற்றில் கடத்துத்திறன் பெரும்பாலும் 100 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழேதான். அது மாதாமாதம் ஏறினால், எண் எந்த வரம்பையும் தாண்டாவிட்டாலும், மேலே ஏதோ நடக்கிறது. கையடக்க மீட்டரே போதும். அன்றன்று காலையில், 1413 மைக்ரோசீமென்ஸ் என்று எண் தெரிந்த கரைசலில் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். பி.எச். மீட்டருக்கு பி.எச். 4, 7 என இரண்டு கரைசல்.

ஊற்றில் மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். தண்ணீர் மண்ணைவிட்டு வெளிவரும் வாயிலேயே எடுக்க வேண்டும், கீழே தேங்கும் பள்ளத்தில் அல்ல. வெளியே வந்ததும் கரியமிலவாயு பறந்து பி.எச். ஏறும். இரும்பு காற்றுப்பட்டுச் செம்மஞ்சள் சேறாகப் படியும்போது ஆர்செனிக்கையும் பிடித்துக்கொண்டு இறங்கும். பத்தடி தள்ளி எடுத்த மாதிரி அதனால் சுத்தமாகத் தெரியும். மாடு கலக்குவதோ அந்தச் சேற்றைத்தான். பி.எச்.சை அங்கேயே அளக்க வேண்டும்; லேபுக்குப் போய் அளந்த எண் ஊற்றின் எண் அல்ல.

உலோகத்துக்கு இரண்டு புட்டி. ஒன்றை 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்து, பி.எச். 2க்குக் கீழே இறங்கும்வரை நைட்ரிக் அமிலம் சொட்டவும். மற்றதை வடிக்காமல் அமிலமிடவும். மாடு வடிகட்டிக் குடிப்பதில்லையே. கலங்கிய தண்ணீரை வடிக்காமல் அமிலமிட்டால் வண்டலில் ஒட்டிய உலோகமும் கரைந்துவிடும், ஆகவே எந்தப் புட்டி எது என்று எழுதாவிட்டால் முடிவு வீண். சல்பேட்டுக்குத் தனிப் புட்டி, அமிலமில்லாமல் ஐஸில் வைத்து, 28 நாளுக்குள் சோதிக்க வேண்டும். பத்து மாதிரிக்கு ஒன்றை ஒரே இடத்தில் இரண்டு புட்டியாக எடுக்க வேண்டும். கூடவே சுத்த நீர் நிரப்பிய வெற்றுப் புட்டி ஒன்றும் போய்வர வேண்டும். அதில் உலோகம் வந்தால் குற்றம் ஊற்றில் இல்லை, புட்டியில்.

குட்டையில் மாடு மிதிக்கும் கரையில் எடுக்காதீர்கள். நீண்ட கம்பில் புட்டி கட்டி, மேல்மட்டத்துக்கு ஓரடி கீழே ஒன்று, அடிக்குச் சற்று மேலே ஒன்று. ஆழமான குட்டையின் அடியில் ஆக்ஸிஜன் தீர்ந்தால், படிந்த இரும்பு மறுபடி கரைந்து ஆர்செனிக்கை விட்டுவிடும்.

ஊற்றின் ஓட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 10 லிட்டர் வாளி 20 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு அரை லிட்டர். அதில் சல்பேட் லிட்டருக்கு 200 மி.கி. என்றால் நாளுக்கு 8.6 கிலோ இறங்குகிறது. மழையில் செறிவு பாதியாகி ஓட்டம் மூன்று மடங்கானால், தாளில் எண் குறையும், இறங்கும் சரக்கு ஒன்றரை மடங்காகும். இதை அளக்காத அறிக்கையை நான் கண்காணிப்பு என்றே சொல்லமாட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதும் போதாது. வறட்சியில் குட்டை வற்றி உப்புச் செறிவு ஏறும். வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழை, தோண்டிப் போட்ட கல் குவியலைக் கழுவி இறக்கும். மாதம் ஒருமுறை, அதோடு அந்த முதல் மழைக்கு அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை. தோண்டும் முன் குறைந்தது ஒரு வருடம் எடுத்த எண்களும், சுரங்கம் தொடாத பக்கத்து ஊற்று ஒன்றின் எண்களும் இல்லாவிட்டால், "இயற்கையாகவே இப்படித்தான்" என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாது.

மாட்டுக்கு ஆர்செனிக் லிட்டருக்கு 0.2 மி.கி. வரை என்கிறது ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வழிகாட்டி. மனிதக் குடிநீருக்கு 0.01. சல்பேட் லிட்டருக்கு 1000 மி.கி. தாண்டினால் மாட்டுக்குக் கழிச்சல், உடம்பில் செம்புச் சத்துக் குறைவு. வெயிலில் ஒரு மாடு நாளுக்கு 40, 50 லிட்டர் குடிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால், லேப் எவ்வளவு வரை கண்டறியும் என்று கேளுங்கள். அந்த எல்லை 0.05 ஆக இருந்தால், மனித வரம்பைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆர்செனிக் இருந்தாலும் அந்தத் தாள் "இல்லை" என்றே சொல்லும். அதே ஊற்றில் வீட்டுக்கும் தண்ணீர் பிடிக்கும் குடும்பங்கள், எல்லை 0.001க்கு வராத அறிக்கையை வாங்கிக்கொள்ளாதீர்கள். சுருக்கத் தாளும் வேண்டாம். மாதிரி எடுத்த தேதி, நேரம், இடம் எழுதிய லேபின் மூலத் தாளையே கேட்டு வாங்குங்கள்.