அந்தப் பிள்ளை கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் வந்தாள்

அந்தக் கல்யாண வீடியோவைப் பற்றி எழுதாமல்தான் இருந்தேன். எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், நிறையப் பேர் பகிர்ந்தும் விட்டீர்கள். மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று வட்டம் போட்டுக் காட்டி, பின்னால் சிரிப்புச் சத்தமும் சேர்த்திருக்கிறார்கள். நேற்று இரவு அதற்குக் கீழே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரே "வீட்ட கண்ணாடி இல்லப் போல" என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு இல்லாமல் போனது கண்ணாடி இல்லை, கண்ணாடிக்கு ஏற்ற வெளிச்சம்.

கண்ணாடி இருந்திருக்கும். அவள் பார்த்திருப்பாள். அவளை அலங்கரித்து வெளிக்கிடுத்தியவர் பார்த்திருப்பார், தாய் பார்த்திருப்பார், மச்சாள்மாரும் சுற்றி நின்று பார்த்திருப்பார்கள். அந்த அறையின் வெளிச்சத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. அந்த வேலையைச் செய்தவள் நான் இல்லை, யார் செய்தார் என்று தேடவும் போகவில்லை. ஆனால் மட்டக்களப்பு கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி, செங்கலடி, வாழைச்சேனை என்று பல வருசமாகப் பொம்பிளை வெளிக்கிடுத்தப் போய் வருகிறேன். விடியப்புறம் மூன்று மணிக்கு எந்த மாதிரி அறையில் எங்களை இருத்துவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அறையின் மூலையில் அலுமாரி, அதன் கதவில் கண்ணாடி. லைட் எதிர்ச் சுவரில், கதவுக்கு மேலே. கண்ணாடியைப் பார்த்து இருந்தால் வெளிச்சம் முழுவதும் பின்தலையில் விழும், முகம் நிழலுக்குள் போய்விடும். நடு முகட்டில் லைட் இருக்கிற வீடு என்றால் கண்ணுக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் தாடைக்குக் கீழும் கறுப்பு விழும். அந்தக் கறுப்பை மறைக்கிறோம் என்று பூசப் பூச, இல்லாத குறைக்கு மருந்து போட்ட மாதிரி ஆகிவிடும்.

அதோடு அந்த லைட்டின் நிறம். எங்கள் கடைகளில் கூடுதலாக விற்கிறது 6500 கெல்வின் வெள்ளை பல்ப். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். இது நீலம் கலந்த வெள்ளை. மலிவான பல்ப் என்றால் அதில் சிவப்பு சரியாக இருக்காது. எங்கள் தோலின் உயிரே அந்தச் சிவப்பும் மஞ்சளும்தான். அது இல்லாத வெளிச்சத்தில் மாநிறம் சாம்பல் பூத்துத் தெரியும், கழுத்தின் நிறமும் முகத்தில் பூசுகிற பவுண்டேஷனின் நிறமும் ஒன்று போலவே இருக்கும். மண்டபத்தின் மஞ்சள் லைட்டுக்குக் கீழே போனதும் இரண்டும் பிரிந்து நிற்கும். ஃபிளாஷ் அடித்தால் மட்டும் முகம் வெள்ளையாகத் தெரிவது வேறு விசயம், அது சில பவுடர்களிலும் சன்ஸ்கிரீன்களிலும் இருக்கிற பொருட்கள் செய்கிற வேலை. அந்த வீடியோவில் இருந்தது அது இல்லை. அந்தப் பிள்ளை தன் நிறத்தைப் பார்க்கக் கிடைக்காமல் போனாள், அவ்வளவுதான்.

லைட் வைத்த கண்ணாடி வாங்குங்கள் என்று நான் எழுதும் போதெல்லாம் "சினிமாக்காரியா?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்கிறோம். தகப்பன் வெளிநாட்டில் கிடந்து உழைத்து, தாய் சீட்டுப் பிடித்து, கடன் பட்டு ஒரு வீட்டை எழுப்புகிறார்கள். ஹோலுக்குத் தொங்கு விளக்கு வருகிறது, மதிலுக்கு வரிசையாக லைட் வருகிறது. அந்த வீடு யார் பெயரில் இருக்கிறதோ, அவள் தன் முகத்தைச் சரியாகப் பார்க்க ஒரு வெளிச்சம் வருவதில்லை. கேட்டால் அது ஆடம்பரம். மதில் லைட் ஆடம்பரம் இல்லையா?

சரி, வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? சுற்றிவர எத்தனை பல்ப் என்று எண்ண வேண்டாம். முகத்துக்கு இரண்டு பக்கமும், கண் மட்டத்தில் வெளிச்சம் வர வேண்டும். அல்லது கண்ணாடியைச் சுற்றி வளையமாக வர வேண்டும். மேலே மட்டும் லைட் இருக்கிற கண்ணாடியை எடுக்கவே வேண்டாம். நிறம் 4000 முதல் 5000 கெல்வினுக்குள் இருந்தால் நல்லது. மத்தியான வெயில் ஏறக்குறைய 5500. மூன்று நிறம் மாற்றக்கூடிய கண்ணாடிகளும் வருகின்றன. பூசும் போது பகல் நிறத்தில் வையுங்கள், முடித்த பிறகு மஞ்சளுக்கு மாற்றி மண்டபத்தில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். அந்த வீடியோவில் நடந்ததை அந்த ஒரு பட்டன் தடுத்திருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரியது சிஆர்ஐ. ஒரு வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்கிற அளவு அது, 100 தான் உச்சம். 90க்கு மேலே எடுங்கள். சாதாரண எல்ஈடி 80 அளவில்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் சேர்க்கிற எட்டு நிறங்களும் மங்கலான நிறங்கள். அழுத்தமான சிவப்பு அதில் இல்லை, அதை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். பெட்டியில் ஆர்9 போடுகிறவர்கள் குறைவு. அதனால் கடைக்குப் போகும் போது கொஞ்சம் குங்குமம் கொண்டு போங்கள். முன்கையில் வைத்து, லைட்டைப் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள், பிறகு வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். உள்ளே மண் நிறமாகத் தெரிந்த குங்குமம் வெளியே சிவப்பாக இருந்தால் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். காசு உங்களுடையது.

பெருக்கிக் காட்டுகிற கண்ணாடி பற்றி இன்பொக்ஸில் நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். முழு முகத்துக்குச் சாதாரணக் கண்ணாடி, புருவத்துக்கும் மைக்கும் 3 அல்லது 5 மடங்கு, அது போதும். 10 மடங்கு வேண்டாம். மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனால்தான் அதில் தெளிவாகத் தெரியும், கொஞ்சம் விலகினால் உருவம் கலங்கிவிடும். இன்னொன்று, பெருக்கும் கண்ணாடியை யன்னலோரம் வெயில் படும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள். குழிந்த கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும், யன்னல் சேலையில் நெருப்புப் பிடிக்கலாம். நம்முடைய வெயிலுக்கு இது சும்மா பயமுறுத்தல் இல்லை.

சார்ஜ் பண்ணுகிற வகை நல்லது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதை யாரும் மறக்கவில்லைதானே. பற்றரி போடுகிற வகையில் பற்றரி இறங்க இறங்க வெளிச்சமும் மங்கும்.

இனி, வரப்போகிற கேள்விகள். "போன் கமராவே போதும்" என்பார்கள். போதாது. செல்பி கமரா நிறத்தைத் தானாகவே திருத்தும், பல போன்களில் தோலையும் தானாகவே வழவழப்பாக்கும். அதில் தெரிகிறது உங்கள் முகம் இல்லை.

"வெளியில் போய் வெயிலில் பார்க்கலாமே" என்பார்கள். பார்க்கலாம், அதை விட நல்ல வெளிச்சம் இல்லை. முகூர்த்தத்துக்கு விடியமுன் வெளிக்கிடுகிறவளுக்கு வெயிலை யார் கொண்டுவந்து கொடுப்பது? ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளை வாசலில் நின்று சன்ஸ்கிரீன் பூசினால் அடுத்த வீட்டு மாமி என்ன சொல்லுவா என்று நான் எழுத வேண்டியதில்லை.

"காசு இல்லாதவர்கள்?" நியாயமான கேள்வி. மேசையில் வைக்கிற சிறியது சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், இருக்கிற கண்ணாடிக்கு இரண்டு பக்கமும், முகத்தின் உயரத்தில், 4000 கெல்வின் நல்ல பல்ப் இரண்டு போடுங்கள். வயரிங் செய்கிறவரிடம் வீடு கட்டும் போதே சொன்னால் பெரிய செலவு இல்லை.

"இப்படி வெளிச்சம் போட்டுப் பார்த்தால் பிள்ளைகளுக்குத் தங்கள் முகத்திலேயே வெறுப்பு வரும்" என்று ஒரு ஆசிரியை எழுதியிருந்தார். இதை நான் தள்ளிவிட மாட்டேன். பருவைக் கிள்ளிக் கிள்ளித் தழும்பாக்கின பிள்ளைகளை எனக்குத் தெரியும். 10 மடங்கு வேண்டாம் என்று சொன்னது அதற்காகவும்தான். ஆனால் ரீச்சர், முகத்தில் ஒரு மங்கு, அதாவது கறுப்புப் படை, தொடங்கும் போதே கண்டால் தோல் டொக்டரிடம் நேரத்தோடு போகலாம். இருட்டில் இருந்தால் கன்னம் முழுக்கப் பரவிய பிறகுதான் தெரியும். பிள்ளைகளுக்கு வெறுப்பை ஊட்டுகிறது வெளிச்சம் இல்லை, பக்கத்தில் நிற்கிற மனிசர்.

"அந்தக் காலத்தில் உங்கட அம்மாமார் எந்த லைட்டில பார்த்தவ?" இதைத்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். என் அம்மா படுவான்கரை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். குப்பிலாம்பு வெளிச்சத்தில், கையளவு கண்ணாடியில் பார்த்துக் கல்யாணத்துக்கு வெளிக்கிட்டவ. முகத்துக்கு பவுடர், நெற்றிக்குப் பொட்டு, கண்ணுக்கு மை. கழுத்தோடு பொருத்திப் பார்க்க ஒன்றுமே இல்லை. ஊரே ஒரே வெளிச்சத்தில் இருந்தது, அவவை யாரும் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டவும் இல்லை. இன்றைக்குப் பொம்பிளையைச் சுற்றி இருபது போன். அத்தனை போனிலும் லைட் இருக்கிறது. அவளுடைய கண்ணாடிக்கு மட்டும் லைட் இருக்கக் கூடாது என்கிறீர்கள்.

அம்மாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். அவ சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளைய ஏன் மனே இப்பிடி வெள்ளையாக்கி விட்டவ?" என்று கேட்டா. இருபதாயிரம் பேர் பார்த்தும் கேட்காத கேள்வி அது.

எங்களைப் போன்றவர்கள் ஏன் வெள்ளையாக்குகிறோம் என்று நான் சொல்கிறேன். பொம்பிளையின் தாய் என் கையைப் பிடித்து, "கொஞ்சம் நிறமாக்கி விடுங்க புள்ள, மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பாங்க" என்று சொல்லாத வீடு மிகக் குறைவு. பெரியம்மாமார் பிள்ளைக்கு முன்னாலேயே சொல்கிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாள். மாதக் கணக்காக ஏதோ ஒரு வெள்ளைக் கிறீமைப் பூசி, தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிகிற நிலையில்தான் சிலர் என்னிடம் வருகிறார்கள். லேபல் இல்லாத அந்தக் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொன்னால் என்னைத்தான் பொறாமைக்காரி என்கிறார்கள். வெள்ளையாக்கு என்று ஊர் கேட்டது. அவள் வெள்ளையாக வந்து நின்றதும் அதே ஊர் வட்டம் போட்டுச் சிரிக்கிறது. இதில் எதற்கு அவள் பொறுப்பு?

என் அறையில் இப்போது 5000 கெல்வின் லைட் இரண்டு பக்கமும் எரிகிறது. போன மாதம் காரைதீவிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்குத் தாடையில் பவுண்டேஷன் மூன்று நிறம் தொட்டு வைத்து, "எது உன்ட நிறம், நீயே சொல்லு" என்றேன். கிட்ட வந்து பார்த்தாள், மூன்றிலும் ஆகக் கருமையானதைத் தொட்டாள். தாய் வாயைத் திறக்க முதல் "அம்மா, இதுதான் நான்" என்றாள். அவளே அந்த நிறத்தில் ஒன்று வாங்கி வைக்க விரும்பினாள். டவுனில் நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறாள். வெளிறின நிறங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்களாம், அவளுடைய நிறம் "ஓடாது" என்று எடுக்கிறதில்லையாம். எங்கள் ஊரில், எங்கள் நிறம் ஓடாதாம். கடை வைத்திருக்கிறவர்கள் இந்தப் பதிவைப் படித்தால், அடுத்த ஓர்டரில் அவளுடையது போன்ற கருமையான நிறங்களையும் சேர்த்துப் போடுங்கள். வாங்க ஆட்களை நான் அனுப்பி வைக்கிறேன்.