அறுபதைக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்க

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். மாலையில்தான் தயிர் வாங்க மறந்தது தெரிந்தது. மறுபடி போனேன், பத்தே நிமிட வேலை. பத்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனியின் கடிதம். உங்கள் கார் எங்கள் வளாகத்தில் ஆறு மணி இருபத்தைந்து நிமிடம் நின்றிருக்கிறது, அனுமதி இரண்டு மணி நேரம்தான், 100 பவுண்ட் கட்டவும், 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும். கூடவே இரண்டு படங்கள். காலையில் உள்ளே நுழையும் என் கார், மாலை 4.10க்கு வெளியேறும் என் கார். நடுவில் நான் வீட்டில் போட்ட மதியத் தூக்கத்துக்கும் சேர்த்து வாடகை கேட்கிறார்கள்!

மனைவி கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி: "அறுபதைக் கட்டிட்டு வேலையைப் பாருங்க." வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணன் சொன்னது இன்னொரு வரி: "குப்பையில போடுங்க தம்பி, அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது." இங்கிலாந்தில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

அண்ணன் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். அது ஒரு காலத்தில் ஓரளவு சரியாக இருந்தது. ஓட்டியவர் யார் என்று தெரியாமல் தனியார் நிறுவனத்தால் காசு கேட்பது கடினம். 2012 அக்டோபரில் அது மாறியது. தனியார் நிலத்தில் கார் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதைச் சட்டம் தடை செய்தது, அதற்குப் பதிலாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே கட்டணம் கேட்கும் வழியைத் திறந்துவிட்டது. வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ ஒரு முகவரிக்கு 2 பவுண்ட் 50 பென்ஸ் வாங்கிக்கொண்டு நம் விவரத்தைக் கொடுத்துவிடும். இப்படி ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் கேட்டு வாங்குகிறார்கள். அப்புறம் 2015இல் உச்ச நீதிமன்றம். செல்ம்ஸ்ஃபோர்டில் ஒரு கடை வளாகத்தில் இரண்டு மணி நேர வரம்பைத் தாண்டி 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திய பீவிஸ் என்பவர், 85 பவுண்ட் அநியாயம் என்று கடைசி வரை போராடினார். தோற்றார். இடம் ஒருவரிடமே முடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள அந்தத் தொகை நியாயமே என்றார்கள் நீதிபதிகள், ஒரே ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஆக, கடிதத்தைக் கிழித்தால் கடன் வசூல்காரர் 70 பவுண்ட் கூட்டிக்கொண்டு வருவார். கவுண்டி கோர்ட்டில் நமக்கு எதிராகத் தீர்ப்பாகி ஒரு மாதத்துக்குள் கட்டவில்லையென்றால் ஆறு ஆண்டுக்குப் பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதுதான் அதன் வலி தெரியும்.

உண்மையைச் சொன்னால், அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கட்டுப்பாடே இல்லையென்றால், காலை ஏழு மணிக்கே அலுவலகம் போகிறவர்கள் இடத்தை நிரப்பிவிடுவார்கள். கைக்குழந்தையோடு பால் வாங்க வருகிறவர் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். நானே ஒரு தடவை அப்படி நிறுத்தி மாட்டியிருக்கிறேன். பேசாமல் கட்டினேன்.

என் கோபம் அந்த அறுபதின்மேல்தான். தப்பு செய்தவனுக்கு அது தள்ளுபடி. செய்யாதவனுக்கு அது மிரட்டல். என்னிடம் நியாயம் இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்கப் போய்த் தோற்றால் 100. தலையைக் குனிந்தால் 60. இதில் எத்தனை பேர் நாற்பது பவுண்டைப் பணயம் வைத்து எழுத உட்காருவார்கள்? அதுவும் தடித்த எழுத்தில், நம்பர் பிளேட் படத்தோடு வரும் கடிதத்தைப் பார்த்தால் உள்ளாட்சியான கவுன்சில் அனுப்பியது மாதிரியே இருக்கும். இரண்டையும் பிசிஎன் என்றுதான் சொல்கிறார்கள். கவுன்சில் அனுப்புவதில் அந்த 'பி' பெனால்டி, அதாவது தண்டம், இதில் அது வெறும் பார்க்கிங். இது அபராதமே இல்லை, ஒப்பந்தத்தை மீறினாய் என்று ஒரு கம்பெனி அனுப்பும் பில். அரசாங்கக் கடிதம் என்றாலே கை நடுங்கும் நமக்கு அந்த வித்தியாசத்தை யார் சொல்வது?

கேமராவுக்கு நிறுத்தியதும் தெரியாது, எடுத்ததும் தெரியாது. வாசலில் நம்பர் பிளேட்டைப் படிக்கும், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் நெரிசலில் இடம் தேடி இருபது நிமிடம் ஊர்ந்தாலும் அது 'நிறுத்திய நேரம்'. காலையில் நான் வெளியேறும்போது ஒரு வேன் ஒட்டிக்கொண்டு வந்து பிளேட்டை மறைத்திருக்க வேண்டும். கணினி முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் முடிச்சுப் போட்டுவிட்டது. இது புதிய கோளாறும் இல்லை, 'டபுள் டிப்' என்று பெயர் வைக்கும் அளவுக்குப் பழகிப்போன ஒன்று. தெரிந்த தவறைச் சரிபார்க்காமல் கடிதம் அனுப்புவதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன், வியாபாரம் என்றுதான் சொல்வேன்.

நாடாளுமன்றத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2019இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் விதிமுறையும் வந்தது: லண்டனுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் 50 பவுண்ட்தான் உச்சம், வசூல் செலவு என்று எதையும் மேலே ஏற்றக் கூடாது. பார்க்கிங் நிறுவனங்கள் வழக்குப் போட்டன, ஜூனில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிறுவனங்களின் சங்கங்களே சேர்ந்து தங்களுக்கு ஒரு விதிமுறை எழுதி, 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 100 பவுண்ட் அதில் பத்திரமாக இருக்கிறது. 2025 ஜூலையில் அரசு மறுபடியும் கருத்துக் கேட்டது. சட்டம் போட்டு ஆறு வருடம் கழித்துக் கருத்து!

சரி, என் கதைக்கு வருகிறேன். முதலில் கடைக்கே போய் மேலாளரைக் கேட்டேன். இதைப் பலர் செய்வதில்லை. பார்க்கிங் கம்பெனியை அமர்த்துவதே கடையோ நிலத்தின் சொந்தக்காரரோதான், அவர்கள் ரத்து செய்யச் சொன்னால் பல நேரம் அங்கேயே முடிந்துவிடும். எனக்கு வாய்த்த மேலாளர் "எங்கள் கையில் இல்லை" என்று கையை விரித்தார். சரி என்று கம்பெனிக்கே எழுதினேன். அன்று இரண்டு முறை பணம் கட்டியதைக் காட்டும் வங்கிக் கணக்கு, கடை அட்டையில் பதிவான இரண்டு நேரங்கள், நடுவில் என் கார் வீட்டு வாசலில் நிற்பதைக் காட்டும் பக்கத்து வீட்டு அழைப்புமணிக் கேமராவின் படம். யார் ஓட்டியது என்று ஓர் எழுத்துகூட எழுதவில்லை. கேட்டது கார் யாருடையது என்ற கேள்வி, அதற்கு மேல் நானாக வாயைக் கொடுப்பானேன்? கம்பெனி நிராகரித்திருந்தால் அடுத்தது பாப்லா என்ற மேல்முறையீட்டு அமைப்பு. நமக்குச் செலவில்லை, அங்கே நாம் ஜெயித்தால் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் பாப்லா கிடையாது, சிலவற்றுக்கு ஐஏஎஸ் என்ற இன்னொரு அமைப்பு. எது என்று கடிதத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

அங்கே போக வேண்டி வரவில்லை. மூன்று வாரத்தில் பதில் வந்தது. மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை, கேமரா தவறியதைப் பற்றியும் ஒரு வரி இல்லை. 'இம்முறை நல்லெண்ண அடிப்படையில்' ரத்து செய்கிறார்களாம். அடுத்த முறை விதிகளைக் கவனித்து நடந்துகொள்ள வேண்டுமாம்.

அன்றிலிருந்து சூப்பர்மார்க்கெட் ரசீதுகளை எல்லாம் காரின் முன்பெட்டியில் போட்டு வைக்கிறேன். மனைவி அதைக் குப்பை என்கிறார். தயிர் வாங்கிய ரசீது அதில் மேலாக இருக்கிறது.