அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துவிடுங்கள்

"குழந்தைத் தொழிலாளர்." அமெரிக்காவிலுள்ள கிறிஸ்டோ ரே என்ற கத்தோலிக்கப் பள்ளியைப் பற்றிய வீடியோவுக்குக் கீழே இதை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நேற்றிலிருந்து மனசு ஆறவில்லை. பதினான்கு வயதுப் பையன் டை கட்டிக்கொண்டு சிகாகோவில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்குப் போகிறான் என்றால், ஏன் போகிறான் என்று கேட்டிருக்கலாமே.

அவன் தன் பள்ளிக் கட்டணத்தைச் சம்பாதிக்கிறான். ஒரு முழுநேர வேலையை நான்கு மாணவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர், இப்படி வியாழன் வரை. வெள்ளிக்கிழமை முறை வைத்து மாறும். ஒருவருக்கு மாதம் ஐந்து நாள், அவ்வளவுதான். நிறுவனம் பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்கிறது. படிப்புச் செலவில் ஒரு பெரிய பங்கு அதிலேயே அடைகிறது. வேலை நாளில் அவர்களுக்குப் பாடவேளை கிடையாது. அதை ஈடுகட்டத்தான் மற்ற நாள்களில் பள்ளி நேரம் நீளம். ஒன்பதாம் வகுப்பு தொடங்குமுன் கோடையிலேயே பயிற்சி: கோப்பு அடுக்க, தொலைபேசியில் பேச, மின்னஞ்சல் எழுத, முகம் பார்த்துக் கைகுலுக்க.

சட்டமா? 2010-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை இதற்கென்றே விதி வகுத்தது. 14, 15 வயதினருக்கு வாரம் 18 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. பொருளாதாரம் சரிந்தால் நிறுவனங்கள் இந்த இடங்களைக் குறைக்கும். பள்ளியின் வரவே ஆடிப்போகும். வேலையில் சரிப்படாத பிள்ளைக்கு மறுபடி பயிற்சி கொடுத்து வேறிடம் தேடவேண்டும். இதைக் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

1996-இல் சிகாகோவின் பில்சன் பகுதியில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் இதைத் தொடங்கினார்கள். அங்கே இருந்தவை பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்கள். ஒரு காலத்தில் கன்னியரும் குருக்களும் சொற்ப ஊதியத்துக்குக் கற்பித்ததால் கத்தோலிக்கப் பள்ளிகள் ஏழைகளுக்கு எட்டின. 1960-களுக்குப் பிறகு துறவியர் குறைந்தார்கள், சம்பளச் செலவு ஏறியது, கட்டணமும் ஏறியது. நம் ஊர் உதவிபெறும் பள்ளிக்குத் தருவதுபோல் அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதில்லை. ஏழைகள் வாழும் பகுதிகளில் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலைமையில் திறந்த பள்ளி இது.

"இலவசமாகவே தரலாமே" என்பீர்கள். நியூயார்க்கில் ரீஜிஸ் பள்ளி 1914 முதல் தருகிறது. அதற்குப் பின்னால் ஒரு கைம்பெண் கொடுத்த பெரும் நன்கொடை இருந்தது. பில்சனுக்கு அப்படி யாரும் வரவில்லை. "மதம் பரப்பத்தானே?" மதப் பாடம் உண்டு, ஒளிக்கவில்லை. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பள்ளியில் இடமில்லை. சேர்க்கை விதியே அதுதான். எனக்கு வலிப்பது இங்கேதான். நம் வீட்டுப் பிள்ளை இன்டர்ன்ஷிப் போனால் படம் போட்டு வாழ்த்து வாங்குகிறோம். துப்புரவு வேலை செய்கிறவரின் மகள் அதே அலுவலகத்துக்கு அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போனால் உடனே பரிதாபப்படுகிறோம். அவள் உங்கள் பரிதாபத்தைக் கேட்கவில்லை. தன் கட்டணத்தைத் தானே கட்டுகிறாள். தயவுசெய்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.